காவிரி ஏறி வருகிறது; அர்க்காவதி போனது எங்கே?

காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. பெங்களூருக்கு நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கூடுதல் தண்ணீர். செலவுக்குக் கைகொடுத்தது ஜப்பான் அரசு முகமையின் கடன். 2007-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு, அதன் பிறகும் பெரும்பாலும் போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியே காலம் தள்ளிய 110 கிராமங்களுக்கு இனிக் காவிரி வரும் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் காலிக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இது நல்ல செய்திதான். சந்தேகமில்லை.

ஆனால் கவலை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. காவிரி முதல் கட்டம் 1974-ல் வந்தது. இரண்டாவது 1982-ல். மூன்றாவது 1993-ல். நான்காவது கட்டம் இரு பகுதிகளாக 2002-லும் 2012-லும் வந்தது. ஒவ்வொரு முறையும் கவலை தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவருவதில் இந்த நகரத்தின் எஞ்சினியர்கள் கெட்டிக்காரர்கள். பக்கத்தில் இருந்த தண்ணீரைக் காப்பாற்றுவதில்தான் நகரம் தோற்றுவிட்டது. அந்தத் தோல்வியின் பலன் இங்கே குடியிருக்கும் நம்மவர்களை மட்டுமல்ல, ஓசூரிலும் தர்மபுரியிலும் இருக்கும் நம்முடைய உறவுக்காரர்களையும் சேர்த்துத் தொடுகிறது. இந்த இரண்டாவது சங்கதி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

அரை கிலோமீட்டர் உயரம்

முதலில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்து இறங்கி வரும் ஆற்று நீர், சிவனசமுத்திரம் அருகே உள்ள சிவா அணைக்கட்டில் திருப்பப்படுகிறது. கால்வாய் வழியாக நெட்கல் என்ற இடத்திலுள்ள நீர்த்தேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து மளவள்ளி தாலுகா தொரெகாடனஹள்ளிக்குப் போகிறது. 'டி.கே.ஹள்ளி' என்று குடிநீர் வாரியத்தார் சுருக்கிச் சொல்வது இந்த ஊரைத்தான். அங்கே படிகாரம் கலந்து, சேறு அடங்கவிட்டு, மணல் படுகையில் வடிகட்டி, குளோரின் சேர்க்கிறார்கள். இதுவரை எந்த ஊரிலும் நடப்பதுதான்.

இதற்கு மேல் நடப்பதுதான் பெங்களூரின் தனிக்கதை. ஆறு கீழே ஓடுகிறது. நகரமோ கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில், மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம். டி.கே.ஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று இடங்களில் பம்புகள் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றி மேலே தள்ளுகிறார்கள்.

ரயில்வேக்காரனுக்கு ஏற்றம் என்றால் என்னவென்று தெரியும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் வந்து சேர்வதற்குள் ரயில் ஏறுகிற உயரமும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்த ஏற்றத்தில் பாரம் ஏற்றிய சரக்கு வண்டி படுகிற பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு சரக்கு வண்டி இரவும் பகலும், நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் இல்லாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

இதன் விலை மின்சாரம். குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பகுதி மின்கட்டணத்துக்கே போகிறது. மின்கட்டணம் உயர்ந்துகொண்டே போனாலும் தண்ணீர்க் கட்டணம் 2014 நவம்பருக்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் உயர்த்தப்பட்டது. பத்து வருடம் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்தால் மக்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். இவ்வளவு பாடுபட்டு மேலே ஏற்றிய நீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குழாய்க் கசிவிலும் திருட்டு இணைப்பிலும் கணக்கில்லாமல் போவது அதைவிட எரிச்சல் தருகிற விஷயம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. சிவனசமுத்திரம் அருவியில் 1902-ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். முதலில் கோலார் தங்க வயலுக்குப் போன அந்த மின்சாரம் 1905-ல் பெங்களூர் வீதிகளில் விளக்கு எரித்தது. தண்ணீர் வந்தது 1974-ல். காவிரி இந்த ஊருக்கு முதலில் வெளிச்சமாக வந்து, ஏறத்தாழ எழுபது வருடம் கழித்துத்தான் குடிநீராக வந்தது. அந்த எழுபது வருடமும், அதற்கு முன்னால் பல நூறு வருடமும் இந்த ஊர் என்ன குடித்தது?

நிலையத்துக்கு எதிரே ஓர் ஏரி

பெங்களூருக்குள் பெரிய ஆறு கிடையாது. மேட்டு நிலம். மழை பெய்தால் நாலா பக்கமும் ஓடிவிடும். ஓடுகிற நீரை மறித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை வெட்டி, மேலேரி நிரம்பி வழிந்தால் கீழேரிக்குப் போகும்படி கால்வாய் விட்டிருந்தார்கள் அந்தக் காலத்தார். நம் செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டங்களில் பார்த்த அதே சங்கிலி ஏரிகள்தான்.

நகர ரயில் நிலையத்தில் இறங்கி எதிரே மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கு நடக்கிற பல்லாயிரம் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் ஓர் ஏரிக்குள் நடக்கிறோம் என்று? அது தர்மாம்புதி ஏரி. கெம்பேகவுடர் காலத்தது என்று சொல்லப்படுவது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாயிற்று. கோரமங்களா ஏரியில் தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் குடியிருப்பு கட்டினார்கள். ஏரியைத் தூர்த்து விளையாட்டு மைதானம் ஆக்குவதில் இவ்வளவு ஆர்வம் வேறெந்த நகரத்துக்காவது இருந்ததா என்று தெரியவில்லை. குழாய்த் தண்ணீர் வந்தபின் ஏரி எதற்கு, கொசுதானே மிச்சம் என்ற நினைப்பு அன்று படித்தவர்களிடமும் இருந்தது.

அந்த முதல் குழாய்த் தண்ணீர் வந்தது அர்க்காவதி ஆற்றிலிருந்து. நந்தி மலையில் பிறந்து, நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் வளைந்து, தெற்கே போய்க் காவிரியில் சேரும் சிற்றாறு இது. மைசூர் சமஸ்தானத்தில் கே. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தபோது, 1894-ல், இந்த ஆற்றின் குறுக்கே உள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீராவி எஞ்சின் வைத்து நகருக்கு நீர் கொண்டுவந்தார்கள். சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது நம் வாசகர்களுக்குச் சற்று மகிழ்ச்சி தரலாம். சிவனசமுத்திர மின்சாரமும் அவர் தொடங்கிய வேலைதான்.

முப்பது வருடத்துக்குள் ஹெசரகட்டா போதவில்லை. மழை பொய்த்த வருடங்களில் வறண்டும் போயிற்று. அப்போதுதான் அதே ஆற்றில் கீழே, குமுதவதி வந்து கலக்கும் இடத்தில், திப்பகொண்டனஹள்ளி அணை எழுந்தது. விசுவேசுவரய்யாவின் யோசனை. 1933-ல் பயனுக்கு வந்தது. மாகடி சாலையில் போனால் இன்றும் பார்க்கலாம். கம்பீரமான கல் கட்டடம்.

கண்ணெதிரே கெட்ட அணை

திப்பகொண்டனஹள்ளி நல்ல நாளில் தினம் 13 கோடி லிட்டருக்கு மேல் கொடுக்கக்கூடிய திறன் உள்ளது. காவிரி முதல் கட்டம் கொண்டுவந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, நூறு கிலோமீட்டர் போய் முதல் தடவை மொண்டு வந்ததற்குச் சமமான தண்ணீர் நம் கொல்லைப்புறத்திலேயே இருந்தது. 2012-க்குப் பின் இந்த அணையின் நீர் நகரத்துக்கு எடுக்கப்படவில்லை. ஒன்று நீர் வரவில்லை. வந்த நீர் குடிக்கத் தகுதியாக இல்லை.

மழை குறைந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அர்க்காவதிப் பகுதியை ஆராய்ந்தவர்கள் மழையை முதல் குற்றவாளியாகக் காணவில்லை. ஆற்றுப்படுகை முழுவதும் போர்வெல்களைத் துளைத்து நிலத்தடி நீரைப் பல நூறு அடிக்குக் கீழே இறக்கிவிட்டோம். மேலே ஓடவேண்டிய நீரை மண் குடித்துவிடுகிறது. வயல்களும் புறம்போக்கும் இருந்த இடத்தில் யூகலிப்டஸ் தோப்புகள் வளர்ந்தன. நம் ஊரில் தைல மரம் என்போமே, அதேதான். அதன் வேர் ஆழத்து ஈரத்தையும் விடுவதில்லை. இதோடு தொட்டபள்ளாபூர் பக்கத்துச் சாயக் கழிவும், நெலமங்கலா பக்கத்து ஊர்ச் சாக்கடையும் சேர்ந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

அரசு பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2003 நவம்பரில் கர்நாடக அரசு ஓர் உத்தரவு போட்டது. அணையைச் சுற்றியும் ஆற்றின் இருகரையிலும் இத்தனை தூரத்துக்கு இன்னின்ன கட்டடம், தொழில் கூடாது என்று மண்டலங்களாகப் பிரித்துக் கட்டுப்பாடு விதித்தார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்றார்கள். காகிதத்தில் நல்ல உத்தரவு. ஆனால் நிலத்தின் விலை ஏற ஏற, உத்தரவு இருந்த பக்கத்திலேயே பண்ணை வீடுகளும் லே-அவுட்டுகளும் முளைத்தன. 2019-ல் அந்த எல்லைகளைக் குறுக்க அரசே முடிவெடுத்தது. அணைதான் பயனில் இல்லையே, பிறகு எதற்குக் கட்டுப்பாடு என்பது எல்லை குறுக்கக் கேட்டவர்களின் வாதம். கட்டுப்பாடு இல்லாததால்தானே அணை பயனற்றுப்போனது என்று திருப்பிக் கேட்க ஆளில்லை.

ஒரு நகரம் தன் குடிநீரைப் பாதுகாப்பது என்றால் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போடுவது மட்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அது கடைசி வேலை. முதல் வேலை, மழை விழுகிற மேட்டில் யார் எதைக் கட்டுகிறார்கள், எதைக் கொட்டுகிறார்கள் என்று பார்ப்பது. அந்த மேடு பெரும்பாலும் குடிநீர் வாரியத்தின் அதிகாரத்தில் இல்லை; வேறு பஞ்சாயத்து, வேறு தாலுகா, வேறு இலாகா. திப்பகொண்டனஹள்ளியில் அணை வாரியத்தின் கையில், அணைக்கு வரும் ஆறு யார் கையிலும் இல்லை என்ற நிலைதான்.

மேட்டின் இரு சரிவுகள்

இனி நம்மைத் தொடும் பகுதிக்கு வருவோம். கொஞ்சம் பூகோளம் தேவைப்படுகிறது.

பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது என்றேன். அந்த முதுகுக்கு மேற்கே விழுகிற நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அதன் வழியாகக் காவிரிக்கும் போகிறது. கிழக்கே விழுகிற நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினிக்குப் போகிறது. தமிழ்நாட்டில் நுழைந்ததும் அதற்குப் பெயர் தென்பெண்ணை. நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது. மீதி இரண்டு பங்கு தென்பெண்ணைப் பக்கம்.

இந்த மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு டெல்லி வரை போயிருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தீர்ப்புச் சொன்னபோது, படுகைக்குள் இருக்கும் அந்த ஒரு பங்கு நகரத்துக்கு மட்டும் குடிநீர் கணக்கிட்டது. அதிலும் பாதி நிலத்தடியில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் இதை ஏற்கவில்லை. நகரம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கவேண்டும், குடிநீருக்கே முதலிடம் என்று சொல்லி, பெங்களூருக்காக 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. வேறு காரணத்துக்காகக் கொடுத்த 10 டி.எம்.சி.யும் சேர்ந்து கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூடியது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய அளவு 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது.

தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இது மனக்கஷ்டம்தான். ஊரில் அப்பா மேட்டூர் திறப்பை எதிர்பார்த்திருக்கிறார்; மகன் இங்கே அதே ஆற்று நீரில் சமைத்துச் சாப்பிடுகிறான். ஆனாலும், ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் இருக்கும் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் கூடாது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். குடிநீருக்கு முதலிடம் என்ற நியாயத்தை மறுக்க முடியாது. எனக்குள்ள கேள்வி வேறு.

வீட்டுக்குக் கொடுக்கிற தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குதான் உண்மையில் செலவாகிறது, மீதி நான்கு பங்கு குளியலறை, சமையலறை வழியாக வெளியே வந்து மறுபடி ஆற்றுக்குத் திரும்பும் என்பது நடுவர் மன்றத்தின் கணக்குமுறை. காகிதத்தில் 4.75 என்பது இந்த ஐந்தில் ஒரு பங்கு. உண்மையில் எடுக்கப்படுவது அதைவிடப் பல மடங்கு. கணக்குத் தப்பில்லை. ஆனால் அந்த நான்கு பங்கும் எந்த ஆற்றுக்கு, எந்த நிலையில் திரும்புகிறது?

கிழக்கே திரும்பியதன் கோலத்தை உலகமே பார்த்தது. பெள்ளந்தூர் ஏரி வெள்ளை நுரை பொங்கித் தெருவுக்கு வந்தது. 2015-லும், 2017-லும், 2018 ஜனவரியிலும் அந்த ஏரி தீப்பிடித்து எரிந்தது. தண்ணீர் தீப்பிடித்தது என்று ஊருக்குக் கடிதம் எழுதினால் நம்மைக் கேலி செய்வார்கள். அதே நீர் தென்பெண்ணையில் இறங்கி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே மதகு திறக்கும்போதெல்லாம் நுரை மலை மலையாகக் கிளம்புவதைப் பத்திரிகைகளில் படம் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசன நிலம் அந்த அணையின் கீழ் இருக்கிறது.

மேற்கே திரும்புவது விருஷபாவதி. பசவனகுடி மேட்டில் பிறக்கிற புனித ஆறு என்பார்கள். மைசூர் சாலையில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற சாக்கடை அதுதான். அது பைரமங்கலா ஏரியில் தேங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியைத் தொடுகிறது. பெங்களூருக்குத் தண்ணீர் எடுக்கும் சிவா அணைக்கட்டு அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே நம் கழிவு நம் குழாய்க்குத் திரும்பி வராது. ஆனால் சங்கமத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? பிலிகுண்டுலு. அதற்குக் கீழே ஒகேனக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிநீர் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. புளோரைடு உப்பால் பல்லும் எலும்பும் கெட்டுக்கொண்டிருந்த ஊர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வந்த திட்டம் அது. அதற்கும் கடன் கொடுத்தது அதே ஜப்பானிய முகமை.

ஆற்றில் வெள்ளம் புரளும்போது கழிவு கரைந்துவிடும். ஒகேனக்கல்லிலும் சுத்திகரித்துத்தான் கொடுக்கிறார்கள். பீதி கிளப்புவது என் நோக்கமில்லை. ஆனால் கோடையில் ஆறு மெலிந்து, விருஷபாவதி மட்டும் குறையாமல் ஓடும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். சாக்கடைக்குக் கோடை கிடையாது. ஒயிட்பீல்டில் சென்ட்ரிங் வேலைக்கு வந்திருக்கும் பென்னாகரத்து மேஸ்திரி இங்கே காவிரியை மேல்பக்கம் குடிக்கிறார். அவருடைய பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் கீழ்பக்கம் குடிக்கிறார்கள்.

மார்ச் மாதத்து வரிசை

2024 மார்ச்சில் நடந்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால் புரியும். 2023-ல் பருவமழை தவறியது. மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. மார்ச் மாதம் முதல்வர் சித்தராமையா கொடுத்த கணக்கு இது: நகரத்துக்கு நாளொன்றுக்கு வேண்டியது 260 கோடி லிட்டர். காவிரி தருவது 147 கோடி. போர்வெல் 65 கோடி. துண்டு விழுவது 50 கோடி. ஏறக்குறைய 14,000 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன. துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தம் வீட்டு போர்வெல்லும் வற்றிவிட்டது என்றார்.

கவனியுங்கள். காவிரிக் குழாய் பெரிதாக நிற்கவில்லை. நின்றது போர்வெல். அதாவது குழாய் உள்ள மல்லேசுவரம், ஜெயநகர் போன்ற பழைய பகுதிகள் முறை வைத்தாவது சமாளித்தன. குழாய் இல்லாத வெளிவட்டம் தவித்தது. மகாதேவபுரா, ஒயிட்பீல்டு, பெள்ளந்தூர்ப் பக்கம். அங்கே மாடி மாடியாக இருக்கும் பெரிய குடியிருப்புகளின் கஷ்டம் டி.வி.யில் வந்தது. அவர்களுக்கு வீடு கட்டியவர்களும், அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர்களும் தகரக் கொட்டகையிலும் ஒற்றை அறை வாடகை வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் கஷ்டம் அவ்வளவாக வரவில்லை.

டேங்கர் லாரியின் விலை எகிறியது. பிறகு மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. லாரி வாங்க இடமும் தொட்டியும் வேண்டுமே! குடம் வைத்திருப்பவர் எங்கே போவார்? தெருமுனை சுத்திகரிப்பு மையத்தில் 5 ரூபாய் நாணயம் போட்டால் 20 லிட்டர் கேன் நிரம்பும். அந்த மையமும் போர்வெல்லை நம்பியதுதான். வீட்டுக்காரர் மோட்டார் போடும் நேரத்தைக் குறைத்தார். காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கும் அந்த நேரத்துக்கும் ஒத்துவரவில்லை. பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. கார் இல்லாதவர்களுக்கு அதனால் நஷ்டமுமில்லை, லாபமுமில்லை.

ஐந்தாம் கட்டம் வந்தபின் வெளிவட்டத்தில் இந்த நிலை ஓரளவு மாறும் என்று நம்பலாம். குழாய் தெருவரை வருவது ஒன்று, வீட்டுக்குள் வருவது வேறொன்று. இணைப்புக்குக் கட்ட வேண்டிய தொகை பெரிது என்று பலர் விண்ணப்பிக்கவே இல்லை. தவணையில் கட்டலாம் என்று வாரியம் சலுகை கொடுத்தது. வாடகைக்கு இருப்பவர்கள் இதில் செய்யக்கூடியது குறைவு. வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். நான்கைந்து குடித்தனம் உள்ள வீடுகளில் எல்லாரும் சேர்ந்து கேட்டால் பலன் உண்டு. போர்வெல் வற்றினால் லாரிக்குக் கொடுக்கும் பணத்தையும் இணைப்புக் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் வீட்டுக்காரருக்கும் புரியும்.

பழியும் பங்கும்

தண்ணீர் பேச்சு இந்த ஊரில் மொழிப் பேச்சாக மாறிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். 1991 டிசம்பரைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2016 செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. அன்று நம்மவர்கள் பலரைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காத்தவர்கள் கன்னடக்காரர்களே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எரித்தவர்களோ தடுத்தவர்களோ அர்க்காவதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. அடுத்த மாநிலத்தோடு சண்டை போட ஆறு வேண்டும். சொந்த மாநிலத்துக்குள்ளேயே செத்த ஆற்றுக்கு ஊர்வலம் கிடையாது.

நாமும் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. சென்னை தன் ஏரிகளை வளர்த்த இலட்சணம் 2019-ல் தெரிந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு, ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், ரயிலில் தண்ணீர் போனது. அந்த வண்டி இறக்கத்தில் போனது என்பதுதான் பெங்களூரோடு வித்தியாசம்.

இனி மேகேதாட்டு. 67 டி.எம்.சி. தேக்கும் அணை, பெங்களூர்க் குடிநீருக்கும் 400 மெகாவாட் மின்சாரத்துக்கும் என்று கர்நாடகம் கேட்கிறது, தமிழ்நாடு எதிர்க்கிறது. அந்த வழக்கின் நியாயங்களை இங்கே எடுத்தால் இன்னொரு பக்கம் வேண்டும். ஒன்று மட்டும் சொல்லலாம். அந்த அணை சங்கமத்துக்குச் சற்றுக் கீழே வருவது. அர்க்காவதி கலந்தபின் உள்ள காவிரி அது. பெங்களூர் நாளைக்கு அங்கிருந்து நீர் எடுத்தால், இதுவரை ஒகேனக்கல்காரர்களுக்கு மட்டும் இருந்த விருஷபாவதிக் கவலை பெங்களூருக்கும் வந்துவிடும். அப்போதாவது அந்தச் சாக்கடையைச் சுத்தம் செய்ய அவசரம் பிறக்குமோ என்னவோ.

நல்லதும் நடக்காமல் இல்லை. 2009-ல் மழைநீர் சேமிப்பைச் சட்டமாக்கினார்கள். 2018 முதல் நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். இன்னும் நன்றாகச் சுத்திகரிக்க வேண்டும் என்ற விவாதம் இருந்தாலும், வறண்டு கிடந்த ஏரிகளில் நீர் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. திப்பகொண்டனஹள்ளியை மீட்கவும் திட்டம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து எத்தினஹொளே நீரைக் கொண்டுவந்து அதில் விடலாம் என்பது ஒரு யோசனை. மலைக்கு அந்தப்புறம் ஓடும் நீரை ஏற்றிக்கொண்டுவந்து, தன் சொந்த ஆறு வறண்ட அணையை நிரப்புவது! இந்த ஊருக்கு ஏற்றம் பழகிவிட்டது.

2022-ல் பலத்த மழை பெய்தது. அர்க்காவதியில் நீர் வந்தது. பல வருடங்களாகப் புல் முளைத்துக் கிடந்த ஹெசரகட்டா ஏரி அந்த மழையில் நிரம்பியது. 1894-ல் போட்ட அந்த ஏரிக்கரையில் நின்று ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள். அந்த நீரைச் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்ப வழி ஒன்றும் மிச்சமில்லை. அன்றும் நம் குழாய்களில் வந்தது தொரெகாடனஹள்ளித் தண்ணீர்தான்.